வீட்டுச் சூடு எங்கே போகிறது? எக்ஸெல் காட்டும் கணக்கு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர், எக்ஸெல் புரோகிராமை ஒரு முறை திறந்து பார்ப்பார்கள். கட்டம் கட்டமாக ஏதோ தெரியும். "இது ஆபீஸ் கணக்கு எழுதுபவர்களுக்கு" என்று மூடிவிடுவார்கள். ஆனால் வீட்டில் பெரிய தொகை செலவாகப் போகும் சமயத்தில் முதலில் திறக்க வேண்டிய புரோகிராம் இதுதான். எந்த வேலைக்குப் பணம் போட்டால் எவ்வளவு பலன் என்பதைச் சில நிமிடங்களில் காட்டிவிடும்.

இந்த மாதம் அதற்கு ஓர் உதாரணமாகக் குளிர்நாட்டுப் பழைய வீடு ஒன்றை எடுத்துக் கொள்வோம். கனடாவின் வின்னிபெக் நகரில் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை மைனஸ் 16 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். வீட்டுக்குள் 20 டிகிரி வேண்டும் என்றால், உள்ளுக்கும் வெளிக்கும் 36 டிகிரி வித்தியாசம். நூறு ஆண்டு பழைய மரச்சட்ட வீடுகள் அந்த ஊரில் நிறைய உண்டு. சுவருக்குள் வெற்றிடம், எங்கு பார்த்தாலும் இடுக்கு. ஹீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும்; பில் ஏறிக்கொண்டே போகும். "ஜன்னல்களை எல்லாம் மாற்றுங்கள்" என்று ஒருவர் சொல்வார். "கூரையில் இன்சுலேஷன் போடுங்கள்" என்பார் இன்னொருவர். யார் சொல்வது சரி? கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

இரண்டே இரண்டு சூத்திரம்

வீட்டின் சூடு இரண்டு வழிகளில் வெளியேறுகிறது. ஒன்று, சுவர், கூரை, கண்ணாடி வழியாகக் கடந்து செல்வது. இதைத் தடுப்பது இன்சுலேஷன். இரண்டாவது, இடுக்குகள் வழியாகச் சூடான காற்றே வெளியே போய்விடுவது. இதைத் தடுப்பது ஏர் சீலிங், அதாவது காற்று புகாமல் அடைப்பது. முதலாவது ஸ்வெட்டர் என்றால் இரண்டாவது அதன் மேல் போடும் காற்றுத் தடுப்புச் சட்டை. ஸ்வெட்டர் எவ்வளவு தடிமனாக இருந்தாலும், காற்று புகுந்தால் குளிரத்தான் செய்யும்.

கடந்து செல்லும் இழப்பு: பரப்பை (சதுர மீட்டர்) வெப்பத் தடை எண்ணால் வகுத்து, வெப்பநிலை வித்தியாசத்தால் பெருக்கினால் விடை வாட் கணக்கில் கிடைக்கும். கனடாவில் இந்தத் தடை எண்ணை ஆர்.எஸ்.ஐ. என்பார்கள். கடைகளில் பாக்கெட்டின் மீது ஆர்-20, ஆர்-50 என்று பழைய அளவு அச்சிட்டிருந்தால், அதை 5.678 ஆல் வகுத்தால் ஆர்.எஸ்.ஐ. வந்துவிடும்.

காற்று வழி இழப்பு: 0.33 x வீட்டின் கன அளவு (கன மீட்டர்) x ஒரு மணி நேரத்தில் உள்காற்று முழுவதும் எத்தனை முறை மாறுகிறது x வெப்பநிலை வித்தியாசம். இதுவும் வாட் கணக்கில்தான்.

ஷீட் அமைப்பது எப்படி?

எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். முதல் வரிசையில் பகுதி, பரப்பு, தடை எண், இழப்பு என்று நான்கு தலைப்புகள் கொடுங்கள். சற்றுத் தள்ளி ஒரு செல்லில் 36 என்று அடியுங்கள். இது வெப்பநிலை வித்தியாசம்.

நம் உதாரண வீடு இரண்டு மாடி. ஒவ்வொரு தளமும் 60 சதுர மீட்டர். கன அளவு 300 கன மீட்டர். கணக்கு எளிதாக இருப்பதற்காக பேஸ்மென்ட் எனப்படும் நிலவறையைச் சேர்க்கவில்லை. கீழ்க்கண்டவற்றை டைப் செய்யுங்கள்.

உட்கூரை: பரப்பு 60, தடை எண் 1.8
சுவர்கள்: பரப்பு 136, தடை எண் 0.8
ஜன்னல்கள்: பரப்பு 20, தடை எண் 0.35
கதவுகள்: பரப்பு 4, தடை எண் 0.4

இனி பார்முலா. இழப்பு என்ற தலைப்பின் கீழ் உள்ள முதல் செல்லில் கிளிக் செய்து = குறியை அடியுங்கள். பரப்பு உள்ள செல்லில் கிளிக் செய்யுங்கள். / குறி அடித்து, தடை எண் உள்ள செல்லில் கிளிக் செய்யுங்கள். * குறி அடித்து, 36 உள்ள செல்லில் கிளிக் செய்யுங்கள். என்டர் தட்டும் முன், எப்4 கீயை ஒரு முறை அழுத்துங்கள். செல்லின் பெயரில் டாலர் குறிகள் வந்து சேரும். பார்முலாவை எங்கே காப்பி செய்தாலும் இந்த ஒரு செல் மட்டும் மாறாது என்று அர்த்தம். (சில லேப்டாப்களில் பங்ஷன் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும்.) இப்போது என்டர் தட்டுங்கள். 1200 என்று விடை வரும். அந்தச் செல்லின் கீழ் வலது மூலையில் உள்ள சிறு சதுரத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தால், மற்ற மூன்று விடைகளும் வந்துவிடும்.

காற்றுக்குத் தனி வரிசை. இங்கே சூத்திரம் வேறு என்பதால் இழுக்க வேண்டாம். இழப்புச் செல்லில் = அடித்து 0.33*300*0.6* என்று டைப் செய்து, 36 உள்ள செல்லைக் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். இந்த 0.6 எங்கிருந்து வந்தது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

விடைகள் இப்படி இருக்கும்: சுவர்கள் 6120 வாட், காற்று 2138, ஜன்னல்கள் 2057, உட்கூரை 1200, கதவுகள் 360. ஆட்டோசம் பட்டனை அழுத்தினால் மொத்தம் சுமார் 11,875 வாட். கிட்டத்தட்ட பன்னிரண்டு ஒரு கிலோவாட் ஹீட்டர்கள் இரவு பகலாக எரிவதற்குச் சமம்! பகுதி, இழப்பு ஆகிய இரண்டு பத்திகளையும் செலக்ட் செய்து இன்செர்ட் மெனுவில் பை சார்ட் தேர்ந்தெடுத்தால், யார் பங்கு எவ்வளவு என்பது ஒரே பார்வையில் தெரியும்.

"இப்படிச் செய்தால் என்ன ஆகும்?"

ஷீட்டின் உண்மையான பலன் இனிமேல்தான். கீழே ஷீட் பெயரில் ரைட் கிளிக் செய்து ஒரு காப்பி எடுத்துக் கொள்ளுங்கள். காப்பியில் ஒவ்வொரு எண்ணாக மாற்றிப் பாருங்கள்.

ஜன்னல்களை நல்ல இரட்டைக் கண்ணாடிக்கு மாற்றினால் (தடை எண் 0.6): மிச்சம் 857 வாட்.
உட்கூரையில் ஆர்-50 அளவுக்கு இன்சுலேஷன் போட்டால் (8.8): மிச்சம் 954 வாட்.
காற்றுக் கசிவைப் பாதியாக்கினால் (0.3): மிச்சம் 1069 வாட்.
வெற்றுச் சுவருக்குள் செல்லுலோஸ் நிரப்பினால் (2.3): மிச்சம் 3991 வாட்.

பட்டியலில் பொதுவாக அதிகச் செலவு வைக்கும் ஜன்னல் வேலைக்குத்தான் குறைந்த பலன்! செல்லுலோஸ் என்பது வேறொன்றும் இல்லை. பழைய செய்தித்தாளைத் துண்டு துண்டாக்கி, தீப்பிடிக்காமல் இருக்க போரேட் உப்பு சேர்த்தது. சுவரில் துளை போட்டுக் குழாய் மூலம் அடைப்பார்கள்.

வாட்டை மாதச் செலவாக மாற்ற 24 ஆலும் 30 ஆலும் பெருக்கி 1000 ஆல் வகுங்கள். 1069 வாட் என்றால் ஜனவரி மாதத்தில் சுமார் 770 யூனிட். மின்சார ஹீட்டர் என்றால் பில்லில் உள்ள யூனிட் விலையால் பெருக்கினால் போதும். எரிவாயு என்றால் ஒரு கன மீட்டர் சுமார் 10 யூனிட் வெப்பம் தரும் என்று வைத்துக் கொள்ளலாம்.

சுவர்தானே முதலில்?

மிச்சத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் வேலையை ஆரம்பிக்க வேண்டியது காற்றுக் கசிவில். காரணம் ஈரம்.

20 டிகிரியில் 40 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று, 6 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த பரப்பைத் தொட்டால் நீராக மாறும். சூடான காற்று மேலே ஏறும் என்பதால், குளிர்கால வீடு ஒரு புகைபோக்கி போல வேலை செய்கிறது. கீழே இடுக்குகள் வழியாகக் குளிர்காற்று நுழைகிறது. மேலே உட்கூரை இடுக்குகள் வழியாக ஈரக்காற்று அட்டிக்குக்குள் (கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவே உள்ள இடம்) போகிறது. ஒரே ஒரு சதுர அங்குல ஓட்டை வழியாக ஒரு குளிர்காலத்தில் சுமார் 30 லிட்டர் நீர் ஆவியாக வெளியேறும் என்பது கட்டட அறிவியலில் பலரும் எடுத்துக்காட்டும் கணக்கு. அதே காலத்தில் 4 அடிக்கு 8 அடி ஜிப்சம் பலகையின் வழியே ஊடுருவுவது மூன்றில் ஒரு பங்கு லிட்டர்தான்.

ஓட்டையை அடைக்காமல் அட்டிக்கில் இன்சுலேஷனை மட்டும் குவித்தால், அட்டிக் முன்பைவிடக் குளிர்ந்துவிடும். ஆனால் ஈரக்காற்று வருவது நிற்காது. கூரைப் பலகையின் அடியில் உறைபனி பிடித்து, வெயில் வந்ததும் உருகி, மரம் பூஞ்சை பிடித்து மக்கிப்போகும். பில்லைக் குறைக்கப் போய்க் கூரையை இழக்கக் கூடாது அல்லவா? அதனால்தான் முதலில் அடைப்பு, பிறகு இன்சுலேஷன்.

கணக்கு காட்டாத ஓட்டைகள்

1970களில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ராபர்ட் சாக்கலோ தலைமையில், நியூஜெர்சியில் உள்ள ட்வின் ரிவர்ஸ் குடியிருப்பு வீடுகளை அளந்தார்கள். அட்டிக் வழியே போகும் வெப்பம், சூத்திரம் சொன்னதைப் போலப் பல மடங்கு இருந்தது. இன்சுலேஷன் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பொதுச்சுவரின் ஓரத்திலும், புகைக்குழாயைச் சுற்றியும் மறைவான சந்துகள் வழியாகச் சூடான காற்று நேரே மேலே போய்க்கொண்டிருந்தது. ஷீட்டில் அந்தச் சந்துக்கு வரிசையே இல்லை! கம்ப்யூட்டர் நாம் கொடுத்ததைத்தான் கணக்குப் போடும். கொடுக்காததை அது கண்டுபிடிக்காது.

கண்டுபிடிக்கும் கருவி புளோயர் டோர். வாசற்கதவில் ஒரு பெரிய மின்விசிறியைப் பொருத்தி, வீட்டுக்கும் வெளிக்கும் 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசம் உண்டாக்குவார்கள். மணிக்கு சுமார் 32 கி.மீ. வேகத்தில் எல்லாப் பக்கமும் காற்று அடிப்பது போன்ற நிலை இது. அப்போது ஒரு மணி நேரத்தில் உள்காற்று 12 முறை மாறினால், அதை 20 ஆல் வகுத்து, சாதாரண நாளில் 0.6 முறை என்று தோராயமாக எடுத்துக் கொள்வார்கள். நம் ஷீட்டின் 0.6 இதுதான். 1977ல் கனடாவின் ரெஜைனா நகரில் ஹரால்ட் ஆர் முதலானோர் வடிவமைத்த சஸ்கச்சுவான் கன்சர்வேஷன் ஹவுஸ் என்ற வீட்டில் இந்த 12க்குப் பதிலாக 0.8 என்ற அளவு கிடைத்தது. எவ்வளவு தூரம் குறைக்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

கருவி இல்லாதவர்களுக்கு ஓர் எளிய வழி: ஊதுபத்தி! காற்று அடிக்கும் குளிர்நாளில் ஹீட்டரை நிறுத்திவிட்டு, சமையலறை, குளியலறை எக்ஸாஸ்ட் பேன்களைப் போடுங்கள். ஜன்னல் சட்டம், பிளக் பாயின்ட், அட்டிக் மூடி, குழாய்கள் சுவரில் நுழையும் இடங்கள் அருகே ஊதுபத்தியைக் காட்டுங்கள். திரைச்சீலையில் படாமல் கவனம் தேவை. புகை எங்கே அலைகிறதோ அங்கே ஒரு மார்க் போட்டு, ஷீட்டில் பட்டியல் எழுதிக் கொள்ளுங்கள். ஜன்னல் சட்ட இடுக்குகளுக்கு சீலன்ட், கதவு ஓரத்துக்கும் அட்டிக் மூடிக்கும் ரப்பர் பட்டை போதும். புகைபோக்கியைச் சுற்றி மட்டும் போம் அடிக்கக் கூடாது. தகடும் சூடு தாங்கும் சீலன்ட்டும்தான் போட வேண்டும்.

கட்டாயம் கவனிக்க வேண்டியவை

1. வீட்டை இறுக்கமாக அடைத்த பின், பழைய வகை எரிவாயு ஹீட்டரின் புகை வெளியே போகாமல் வீட்டுக்குள்ளேயே திரும்பலாம். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது, உயிரைப் பறிக்கும். அலாரம் கட்டாயம் வேண்டும். அடைத்த பிறகு புகை சரியாகப் போகிறதா என்று டெக்னீஷியனை வைத்துச் சோதிக்க வேண்டும்.

2. புதுக்காற்று வர வழி வேண்டும். வெளியேறும் காற்றின் சூட்டை உள்ளே வரும் காற்றுக்குக் கொடுக்கும் ஹெச்.ஆர்.வி. என்ற கருவி இதற்காகவே உள்ளது.

3. அட்டிக்கில் கூழாங்கல் போலப் பளபளக்கும் வெர்மிகுலைட் இருந்தால் தொடவே வேண்டாம். அமெரிக்காவின் லிபி சுரங்கத்திலிருந்து 1990 வரை வந்த சரக்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது.

4. பீங்கான் குமிழ்களில் கட்டிய பழைய வயரிங் இருந்தால், எலக்ட்ரீஷியன் பார்க்கும் வரை அதன் மேல் இன்சுலேஷன் போடக் கூடாது.

அடுத்த படி

இந்த ஷீட்டில் வெயில் தரும் சூடு, நிலவறை, ஆட்களின் உடல் சூடு எதுவும் இல்லை. இவற்றையும் சேர்த்து ஆண்டு முழுவதற்கும் கணக்கிட, கனடா அரசின் இயற்கை வளத்துறை ஹாட்2000 என்ற விண்டோஸ் சாப்ட்வேரை இலவசமாகத் தருகிறது. வீடுகளுக்கு எனர்கைடு மதிப்பீடு கொடுப்பவர்கள் பயன்படுத்துவது இதைத்தான். அதே துறையின் 'கீப்பிங் த ஹீட் இன்' என்ற கையேடும் இலவசம். எந்த இடுக்கை எதைக் கொண்டு அடைப்பது என்று படம் போட்டு விளக்கியிருப்பார்கள்.

உங்கள் பிள்ளைகளோ உறவினர்களோ குளிர்நாட்டில் பழைய வீடு வாங்கியிருந்தால், நீங்கள் தயாரித்த ஷீட்டை அட்டாச்மென்ட்டாக மெயிலில் அனுப்புங்கள். அவர்கள் வீட்டு அளவுகளை மாற்றிப் போட்டால் போதும். ஜன்னல் கம்பெனிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் அனுப்பிவிடுவது நல்லது.