நம்ம கால்வாயிலும் வள்ளம் போகணும்!

இங்கிலாந்தில் இருக்கும் என் அண்ணனும் மைனியும், கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு கால்வாய்ப் படகில் ஒரு வாரம் சுற்றினார்களாம். படகின் அகலம் ஏழடிதான். அதற்குள்ளேயே அடுப்பு, கட்டில், குளியலறை எல்லாம் உண்டு. ஆள் நடக்கிற வேகத்தில்தான் போகும். வழியில் வரும் மதகுக் கதவுகளை நாமே இறங்கித் திறந்து மூட வேண்டுமாம்.

ஒரு காலத்தில் குதிரை இழுக்க, நிலக்கரி சுமந்த கால்வாய்கள் அவை. ரயிலும் லாரியும் வந்த பிறகு பல கால்வாய்கள் தூர்ந்து போயின. ஊர்க்காரர்களே பணம் திரட்டி, மண்வெட்டியோடு இறங்கி அவற்றை மீட்டார்கள். கென்னட்–ஏவான் கால்வாய் அப்படித்தான் 1990-ல் மறுபடியும் திறக்கப்பட்டது.

நம்ம கடலோரத்திலும் ஏ.வி.எம். கால்வாய் இருக்கிறதே! அனந்தபத்மநாபன், விக்டோரியா ராணி, மார்த்தாண்டவர்மா மூன்று பெயரும் சேர்ந்ததுதான் அது. திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியில் இணைக்க, 1860-ல் திருவிதாங்கூர் மகாராஜா உத்திரம் திருநாள் தொடங்கினார். மண்டைக்காடு பக்கத்தோடு வேலை நின்றுவிட்டது. சரக்கு வள்ளங்கள் போன அந்தக் கால்வாய், இன்று பல இடங்களில் மண் மூடி, குப்பை நிறைந்து, கொசு வளர்க்கிறது. காய்ச்சலில் படுப்பது நம்ம பிள்ளைகள்தானே?

தூர்வாருவதும் படகு விடுவதும் அரசாங்கத்தின் வேலை. குப்பை போடாமல் இருப்பது நம்ம வேலை. மனு எழுதும் மகளிர் குழுச் சகோதரிகளே, மீன் கழிவையும் பிளாஸ்டிக் பையையும் கால்வாயில் வீசுவதில்லை என்று முதலில் நாம் முடிவெடுப்போமா?

– ஓர் இல்லத்தரசி, இனயம்.