அடி விழுவதற்கு முந்தைய மூணு நொடி

சூப்பர் ஹீரோ படத்தில் கடைசியில் ஹீரோதான் ஜெயிப்பார்னு டிக்கெட் எடுக்கும்போதே நமக்குத் தெரியும். அப்புறம் ஏன் சீட் நுனிக்கு வர்றோம்? முடிவு தெரிந்த கதையிலும் நம்மைப் பதற வைப்பது கேமராவும் ஒலியும் சேர்ந்து செய்கிற வேலை.

மடோன் அஸ்வின் இயக்கத்தில் 2023-ல் வந்த 'மாவீரன்' படத்தையே எடுத்துக்கோங்க. சிவகார்த்திகேயன் நடித்த சத்யா பயந்த சுபாவக்காரன். அவனுக்குக் கிடைத்த சக்தி, காதில் கேட்கும் ஒரு குரல் மட்டும்தான். விஜய் சேதுபதி பேசிய அந்தக் குரல், வரப்போகிற ஆபத்தை முன்கூட்டியே சொல்லும். சத்யாவுக்கும் நமக்கும் கேட்கும். எதிரில் நிற்கிற ரவுடிக்குக் கேட்காது.

திடீர்னு குண்டு வெடித்தால் அதிர்ச்சி ஒரு நொடிதான். மேஜைக்கு அடியில் குண்டு இருக்குன்னு முதலிலேயே காட்டிவிட்டால், பேச்சு முடியும் வரை பதற்றம். இது ஹிட்ச்காக் சொன்ன விளக்கம். 'மாவீரன்' அந்தக் குண்டைக் கண்ணுக்குப் பதிலா காதுக்குக் காட்டியது.

குரல் வரும்போதெல்லாம் சத்யா தலையைத் தூக்கி மேலே பார்ப்பான். அங்கே என்ன இருக்குன்னு கேமரா காட்டாது. ஃபிரேமுக்கு வெளியே விட்டதை நம் மூளை நிரப்பிக்கொள்ளும். க்ளோசப்பும் இப்படித்தான்: முகம் மட்டும் தெரியும்போது, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்ற பயம் தானாக வரும்.

அடுத்தது ஷட்டர். சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். ஷட்டர் வழக்கமான 180 டிகிரியில் இருந்தால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 1/48 நொடி ஒளி விழும். அதை 45 டிகிரிக்குக் குறைத்தால் 1/192 நொடிதான். அசைவின் மங்கல் குறைந்து, கை வீச்சு வெட்டி வெட்டித் தெரியும். பார்க்கிறவனுக்குப் படபடப்பு கூடும்.

இப்போ ஒலி. 'தி டார்க் நைட்' (2008) படத்தில் பேட்மேனின் பைக் சத்தத்துக்கு, ஒலி வடிவமைப்பாளர் ரிச்சர்ட் கிங் ஷெப்பர்டு டோன் என்ற உத்தியைப் பயன்படுத்தினார். அதிர்வெண்ணில் ஒன்றுக்கொன்று இரு மடங்காக இருக்கும் பல ஒலிகள் சேர்ந்து மேலே ஏறும். உச்சிக்குப் போவது மெல்ல மங்கும். அடியில் புதுசா ஒன்று மெல்ல நுழையும். சத்தம் ஏறிக்கொண்டே இருப்பதாகக் காது நம்பும். ஆனா அது எங்கேயும் போய்ச் சேராது. கியரே மாற்றாமல் வேகம் கூடுற மாதிரி இருக்கும்.

எல்லாத்தையும் விட மலிவான கருவி அமைதி. நம்ம மேச்சேரி பத்ரகாளியம்மன் கோயில் திருவிழாக் கூட்டத்தில் நின்றவர்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. நெருங்கி நெருங்கி வரும் பம்பை அடி சட்டென நின்றால், அடுத்த அடி விழும் வரை மூச்சு நிற்கும். சத்தத்தின் பலம் அதற்கு முன்னால் இருந்த அமைதியைப் பொறுத்தது.

நம்ம குறும்படங்களில் பெரும்பாலும் முதல் நொடியிலிருந்தே பின்னணி இசை அலறும். அதனாலேயே சண்டை வரும்போது யாருக்கும் எதுவும் ஆவதில்லை. அடுத்த முறை போனில் எடுக்கும்போது, காலடிச் சத்தத்தைத் தனியாகப் பதிவு பண்ணுங்க. எடிட் முடிந்ததும் ஒருமுறை மியூட்டில் பாருங்க, ஒருமுறை கண்ணை மூடிக் கேளுங்க. இரண்டிலும் பதற்றம் இருந்தால் காட்சி நிற்கும். ஸ்பீக்கரை எங்கே ஏத்தணும்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி, எங்கே நிறுத்தணும்னு முடிவு பண்ணுங்க.