பஸ்ஸுக்கு பெயின்ட் அடிக்கலாம், துப்பாக்கிக்கு அடித்தால் ஐடி போகும்

கம்பம் பள்ளத்தாக்கில் ஓடும் வண்டி எதுவும் கம்பெனியிலிருந்து வந்த முகத்தோடு ரொம்ப நாள் இருப்பதில்லை. விடியும் முன்பே ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு ஏறும் ஜீப்பின் முன்கண்ணாடியில் குலசாமி பெயர் இருக்கும், பின்னால் பிள்ளைகள் பெயர் இருக்கும். தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் வழியாகக் குமுளி போகும் பஸ்களைத் தூரத்தில் வரும்போதே பட்டையின் நிறத்தை வைத்து இன்ன பஸ் என்று சொல்லிவிடும் பிள்ளைகள் இங்கே உண்டு. அப்படி ஓர் ஊரில் வளரும் பையன் கையில் போன் கிடைத்து, அதற்குள் ஒரு வண்டியோ துப்பாக்கியோ கிடைத்தால், "இதுக்குக் கலர் மாத்த முடியுமா?" என்று கேட்காமல் இருப்பானா?

முடியும், வா என்கிறது ஒரு விளையாட்டு. மாற்றினால் உன் கணக்கையே மூடிவிடுவேன் என்கிறது இன்னொன்று. இரண்டிலும் அவன் செய்கிற வேலை ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு படக் கோப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு படக் கோப்பை வைக்கிறான். ஒரே வேலைக்கு ஓரிடத்தில் பாராட்டும் ஓரிடத்தில் தண்டனையும் கிடைப்பது பிள்ளைக்கு விளங்கவில்லை. "ஐடி போச்சு" என்று சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கும் அவனைப் பார்க்கிற வீட்டுக்கும் விளங்கவில்லை.

வா என்கிற விளையாட்டு

இந்தோனேசியாவின் மலேயோ என்ற நிறுவனம் 2017இல் வெளியிட்டது 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா'. அதில் இருப்பவை இந்தோனேசியச் சாலைகள். ஆனால் தென்னிந்தியப் பிள்ளைகள் போனில் அந்தச் சாலைகளில் ஓடுவது நம் அரசுப் போக்குவரத்துக் கழக பஸ், எஸ்.இ.டி.சி. பஸ், கேரளத்துச் சுற்றுலா பஸ். காரணம், வண்டியின் தோலை மாற்றும் வசதியை விளையாட்டே தருகிறது. அந்தத் தோலுக்கு 'லிவரி' என்று பெயர்.

லிவரி என்பது ஒரே ஒரு தட்டையான படம். தையல்காரர் சட்டைத் துணியை வெட்டிப் பரப்பி வைப்பாரே, அதுபோல பஸ்ஸின் இடப்பக்கம், வலப்பக்கம், முன், பின், கூரை எல்லாம் தனித்தனித் துண்டுகளாக அந்தப் படத்தில் விரிந்து கிடக்கும். போனிலேயே படம் திருத்தும் செயலி ஒன்றைத் திறந்து, ஒவ்வொரு துண்டின் மேலும் நிறம், பட்டை, ஊர்ப் பெயர் என்று வரைந்து சேமித்தால் முடிந்தது. விளையாட்டு அதை எடுத்து பஸ்ஸின் மேல் போர்த்திக்கொள்ளும். இது முதல் படி. பஸ்ஸின் உருவத்தையே புதிதாகச் செய்வது அடுத்த படி. அதற்குப் பெரும்பாலும் கம்ப்யூட்டரும் 'பிளெண்டர்' போன்ற முப்பரிமாண மென்பொருளும் வேண்டும். படிக்கட்டின் உயரம், சன்னல் கம்பியின் இடைவெளி, பின்பக்க ஏணி என்று பார்த்துப் பார்த்து ஒரு வண்டியைச் செய்து முடிக்க வாரக்கணக்கில் உழைக்கிறார்கள். யாரும் சொல்லித்தராமல், யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்ட வேலை அது. இதைச் செய்கிற பிள்ளைகள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

இதில் ஒரு விசித்திரம். 2022 அக்டோபர் 5 இரவு பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியில் ஒரு சுற்றுலா பஸ் கேரள அரசு பஸ்ஸின் பின்னால் மோதி, பள்ளிச் சுற்றுலா போன மாணவர்கள் உட்பட 9 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சுற்றுலா பஸ்கள் வெள்ளை நிறத்தில்தான் ஓட வேண்டும் என்ற விதியைக் கேரள மோட்டார் வாகனத் துறை கறாராக நடைமுறைப்படுத்தியது. யானையும் மின்னலுமாகக் குமுளிச் சாலையில் போன வண்டிகள் வெள்ளைக்கு மாறின. அந்த வண்டிகளின் பழைய கோலம் இன்று பத்திரமாக இருப்பது பிள்ளைகள் செய்துவைத்த லிவரிகளில்தான்.

கூடாது என்கிற விளையாட்டு

இனி பி.ஜி.எம்.ஐ., ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளின் பக்கம் வருவோம். இங்கே துப்பாக்கியின் தோல் ('ஸ்கின்'), உடுப்பு, நடனம் எல்லாம் விளையாட்டின் கடையில் விற்கப்படுகின்றன. ஒன்றில் 'யூசி', மற்றதில் 'டைமண்ட்' என்பது காசு. காசில்லாத பையனுக்கு நண்பன் ஒரு வழி சொல்கிறான்: "இந்த ஃபைலைப் போட்டா எல்லா ஸ்கின்னும் ஃப்ரீ, ஆன்டி பேன்."

அந்தக் கோப்பு என்ன செய்கிறது என்று பார்த்தால்தான் விதி விளங்கும். ஆன்லைன் விளையாட்டு இரண்டு இடங்களில் நடக்கிறது. யாரிடம் எந்த உடுப்பு இருக்கிறது, யார் எங்கே நிற்கிறார் என்ற கணக்கெல்லாம் கம்பெனியின் சர்வரில் இருக்கிறது. அந்தக் கணக்கைப் படமாக வரைந்து காட்டுவது நம் போனின் வேலை. வரைவதற்கு வேண்டிய படங்களெல்லாம், வாங்காத ஸ்கின்களின் படங்களும் சேர்த்து, பெரும்பாலும் போனில் முன்பே இறங்கியிருக்கும். 'மோட்' எனப்படும் அந்த மாற்றுக் கோப்பு செய்வது இவ்வளவுதான்: சாதாரணச் சட்டையை வரையச் சொல்லி சர்வர் சொன்னால், போனை ஏமாற்றி விலை உயர்ந்த சட்டையை வரைய வைக்கும். சர்வரின் கணக்கில் ஒன்றும் மாறாது. ஆகவே கம்பத்தில் விளையாடும் பையன் தன் திரையில் தங்கத் துப்பாக்கியோடு நிற்பான். அதே ஆட்டத்தில் சின்னமனூரிலிருந்து சேர்ந்திருக்கும் கூட்டாளி திரையில் அவன் கையில் இருப்பது பழைய துப்பாக்கிதான். நான் பேசிப் பார்த்த பல பிள்ளைகளுக்கு இந்த ஒரு விஷயமே தெரியாது. தெரிந்தவுடன் பாதி ஆசை இறங்கிவிடுகிறது.

வேறு யாருக்கும் தெரியாத அலங்காரத்துக்கு எதற்குத் தண்டனை என்ற கேள்வி நியாயமானது. பதில் கோப்பைச் சோதிக்கிற விதத்தில் இருக்கிறது. விளையாட்டின் காவல் நிரல் ஒவ்வொரு கோப்பையும் திறந்து அழகு பார்ப்பதில்லை. கோப்பு முழுவதையும் ஒரு கணக்குக்குள் செலுத்தி ஒரு நீண்ட எண்ணை வரவழைக்கிறது. 'ஹாஷ்' என்று அதற்குப் பெயர். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் அடியோடு மாறிவிடும். கம்பெனி வைத்திருக்கும் எண்ணோடு ஒத்துப்போகாவிட்டால் கோப்பில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். செக்போஸ்ட்டில் லாரியின் சீல் உடைந்திருந்தால், உள்ளே இருப்பது மிளகா கஞ்சாவா என்பது அப்புறம்தான், வண்டி முதலில் ஓரம் கட்டப்படும். அந்தக் கதைதான்.

சீல் உடைந்த லாரியில் சும்மா விட முடியாத சரக்கும் வருகிறது. 'ஆன்டெனா' என்று பிள்ளைகள் சொல்வதைக் கேட்டிருக்கலாம். எதிரியின் தலையில் வானம் வரை நீளும் ஒரு கம்பத்தை வரைந்து காட்டும் மோட் அது. அவன் சுவருக்குப் பின்னால் பதுங்கினாலும் கம்பம் மேலே தெரியும். தொழில்நுட்பமாகப் பார்த்தால் அதுவும் ஓர் 'அலங்காரம்'தான், உடம்பின் உருவக் கோப்பில் செய்த மாற்றம். புல்லை மறைய வைப்பதும், எதிராளிகளுக்கு மட்டும் பளீரென்ற நிறம் ஏற்றுவதும் இதே வகை. எது ஆசைக்குச் செய்தது, எது ஏமாற்றச் செய்தது என்று கோடிக்கணக்கான போன்களில் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் மொத்தமாகக் கதவைச் சாத்துகிறார்கள். ஃப்ரீ ஃபயரை நடத்தும் கரீனா, தான் வெளியிடாத நிரல்களைப் பயன்படுத்துவதும் விளையாட்டுக் கோப்பை மாற்றுவதும் ஏமாற்றுதான் என்று எழுதிவைத்திருக்கிறது. கணக்கு நிரந்தரமாகப் போகும், அந்தப் போனிலிருந்து வேறு கணக்கில் நுழைவதும் தடைபடலாம். பி.ஜி.எம்.ஐ.க்கு முந்தைய பப்ஜி மொபைல் காலத்திலிருந்தே "10 வருஷ பேன்" என்பது பிள்ளைகள் வாயில் புழங்கும் சொல்.

ஃப்ரீ ஃபயரில் இன்னொரு சிக்கலும் உண்டு, அதற்குக் கம்பெனியே பொறுப்பு. அங்கே விற்கும் துப்பாக்கி ஸ்கின்கள் பல, வெறும் நிறம் இல்லை. ஒன்று சுடும் வேகத்தைக் கூட்டும், ஒன்று குண்டு நிரப்பும் நேரத்தைக் குறைக்கும். காசு கொடுத்தவனுக்குக் கொஞ்சம் கூடுதல் பலம் என்ற ஏற்பாட்டைச் செய்துவைத்துவிட்டு, இல்லாதவன் ஏங்கக் கூடாது என்று எதிர்பார்ப்பது நியாயமாக எனக்குப் படவில்லை. போட்டி அறைகளில் அந்தப் பலத்தை அணைத்துவைக்க வழி இருக்கிறது. அதைச் சாதாரண ஆட்டங்களுக்கும் விரித்தால் மோட் தேடும் கைகள் குறையும்.

வருமானக் கணக்கையும் மறைக்க வேண்டியதில்லை. விளையாட்டு இலவசம், சட்டைதான் சரக்கு. 2006இல் 'ஆப்ளிவியன்' என்ற விளையாட்டில் குதிரைக்கு ஒரு கவச உடுப்பை இரண்டரை டாலருக்கு விற்றபோது உலகமே சிரித்தது. இன்று ஒரு பெருந்தொழில் முழுவதும் அந்தக் குதிரையின் மேல்தான் ஏறி நிற்கிறது. 2025இல் பி.ஜி.எம்.ஐ.க்குள் ராயல் என்ஃபீல்டு புல்லட் 350 வந்தது. புல்லட்டை நேசிக்கும் இந்த ஊரில் அதற்கு யார்தான் ஆசைப்படமாட்டார்கள்?

மோடிலிருந்து பிறந்தவை

விதியின் மறுபக்கம் சுவாரசியமானது. பப்ஜியை உருவாக்கிய அயர்லாந்துக்காரர் பிரெண்டன் கிரீன், 'ஆர்மா' என்ற விளையாட்டின் மேல் மோட் செய்து பழகியவர். 'கவுன்டர் ஸ்ட்ரைக்' 1999இல் 'ஹாஃப் லைஃப்' விளையாட்டுக்கு இரண்டு இளைஞர்கள் செய்த மோட். பின்னர் வால்வ் நிறுவனம் அதை வாங்கி, அவர்களையும் வேலைக்கு எடுத்துக்கொண்டது. அதே வால்வ், கவுன்டர் ஸ்ட்ரைக் ஸ்கின் வியாபாரம் பெருகிய பிறகு, வாங்காத ஸ்கின்களை வாங்கியதுபோலக் காட்டும் தனியார் சர்வர்களுக்கு 2015இல் தடை போட்டது. தமிழில் பலர் நேரலை செய்யும் ஜிடிஏ 5 ரோல்பிளே ஆட்டங்கள் 'ஃபைவ்எம்' என்ற மோட் மேடையில் ஓடுகின்றன. 2015இல் அதன் ஆட்களைத் தடைசெய்த ஜிடிஏ நிறுவனமான ராக்ஸ்டார், 2023இல் அந்தக் குழுவையே தன்னோடு சேர்த்துக்கொண்டது. ஜப்பானின் 'ஃபைனல் ஃபேன்டஸி 14' விளையாட்டில் ஒருவர் மாட்டிய மோட் உடுப்பை மற்றவர் திரையிலும் தெரிய வைத்த 'மேர்' என்ற கருவி, நிறுவனத்தின் தலையீட்டால் 2025 ஆகஸ்டில் மூடப்பட்டது. தனக்குள்ளே வைத்துக்கொள்ளும் மோடைப் பற்றி அவ்வளவு கண்டிப்பில்லை, அடுத்தவரையும் எங்கள் சேவையையும் தொடும்போது விடமாட்டோம் என்பதுதான் அந்த விளையாட்டின் தயாரிப்பாளர் நவோகி யோஷிதா சொன்னதன் சாரம்.

வீட்டுக்குள் வரும் ஆபத்து

பெற்றோர் கவலைப்பட வேண்டியது ஐடி போவதற்காக இல்லை, மோட் கோப்பு போனுக்குள் வரும் வழிக்காக. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலும், 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரும் நாட்டில் தடைசெய்யப்பட்டன. பி.ஜி.எம்.ஐ. 2022 ஜூலையில் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு 2023 மே மாதம்தான் திரும்பியது. இந்த இடைவெளிகளில் பிளே ஸ்டோருக்கு வெளியே ஏ.பி.கே. என்ற செயலிக் கோப்பைத் தேடி இறக்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொண்டது. பி.ஜி.எம்.ஐ. திரும்பி வந்தது, பழக்கம் போகவில்லை.

மோட் ஏ.பி.கே. இறங்கும் போன் பெரும்பாலும் அம்மாவின் போன். அதில்தான் ஜிபே இருக்கிறது, வங்கிக் குறுஞ்செய்தி வருகிறது. இறக்கும்போது 'பிளே புரொடெக்ட்'டை அணைக்கச் சொல்லும், எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்கும், 'ஆக்சஸிபிலிட்டி' அனுமதி கேட்கும். துப்பாக்கிக்கு நிறம் மாற்ற ஓ.டி.பி. படிக்க வேண்டிய அவசியம் எந்தச் செயலிக்கும் கிடையாது. அந்த அனுமதிகளைக் கொடுத்தாகிவிட்டது என்றால் இணையத்தைத் துண்டித்து, வேறு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டு, போனைத் துடைத்துப் புதிதாக்க வேண்டும். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே சொல்ல வேண்டும். அங்கே ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். பிள்ளை பயமில்லாமல் வந்து சொன்னால்தான் அந்த மணி நேரம் கிடைக்கும்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. பதிப்புரிமைச் சட்டம் 1957இல், 2012 திருத்தத்தால் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு மின்பூட்டை உடைப்பதற்கு 2 ஆண்டு வரை சிறை என்கிறது. ஆன்லைன் விளையாட்டு பற்றிய தமிழ்நாட்டின் 2022 சட்டமும் மத்திய அரசின் 2025 சட்டமும் குறிவைப்பது பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை. ஸ்கின் விவகாரத்தில் அன்றாடம் பேசுவது கம்பெனியின் நிபந்தனைகள்தான். 18 வயதுக்குக் கீழே இருப்பவர் செய்யும் ஒப்பந்தம் 1872ஆம் ஆண்டுச் சட்டப்படி செல்லாது. அதனால்தான் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று அந்த நிபந்தனைகளில் எழுதியிருக்கிறார்கள்.

மாற்றிப் பார்க்கும் ஆசை உள்ள பிள்ளைக்கு எங்கே மாற்றலாம் என்று சொல்வது எளிது. விளையாட்டின் மெனுவிலேயே அதற்கு ஓர் இடம் இருந்தால் அது வாசல். வெளியிலிருந்து கோப்பைத் திணிக்கச் சொன்னால் அது ஓட்டைப் பிரிப்பது. பஸ் விளையாட்டிலும் இந்தக் கோடு உண்டு. லிவரியும் வண்டியும் வாசல் வழி போகின்றன. எதிரே வரும் வாகனங்களையும் எஞ்சின் சத்தத்தையும் மாற்ற ஓ.பி.பி. என்ற விளையாட்டுத் தரவுக் கோப்பில் கை வைக்கிறார்களே, அது வாசல் வழி இல்லை.

அந்த பஸ் உலகத்துப் பையன்களுக்கும் சொந்த விதிகள் இருக்கின்றன. செய்த வண்டியைப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி, பாஸ்வேர்டை யூடியூப் வீடியோவின் நடுவில் எங்கோ ஒளித்துவைப்பார்கள். முழுதாகப் பார்த்தவனுக்கே வண்டி. லிவரியின் பின்கண்ணாடி ஓரத்தில் செய்தவன் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். அதை அழித்துவிட்டு யாராவது தன் பெயரைப் போட்டால் பெரிய சண்டையே நடக்கும். கண் விழித்து வரைந்த பட்டை அது, வேறொருவன் பெயரில் ஓடுவதை அந்தப் பையனால் தாங்கிக்கொள்ள முடிவதில்லை.