தாவல் எட்டுமா, எட்டாதா?

சலவை இயந்திரத்தில் தண்ணீர் நிரம்பியதும் குழாய் தானாகவே மூடிக்கொள்கிறது அல்லவா? இவ்வேலையைச் செய்வது மைக்ரோகன்ட்ரோலர் என்னும் சிறு சில்லு. இவ்வகையில் புகழ்பெற்றது இன்டெல் நிறுவனம் 1980-இல் வெளியிட்ட 8051. அதனுள் ஆணைகளை வைக்க இருந்த இடம் 4,096 பைட்டுகள் மட்டுமே!

நாம் எழுதும் நிரலைச் சில்லுக்குப் புரியும் ஆணைகளாக மாற்றித் தருவது கம்பைலர். 'இவ்விடம் விட்டு அவ்விடம் செல்' என்னும் தாவல் ஆணையில் இரண்டு வகைகளைப் பார்ப்போம். குறுந்தாவலுக்கு 2 பைட் போதும். ஆனால் அடுத்த ஆணையின் தொடக்கத்திலிருந்து முன்னே 127, பின்னே 128 பைட் வரைதான் அது எட்டும். நெடுந்தாவலுக்கு 3 பைட் தேவை. அது 65,536 பைட்டுகளில் எங்கும் செல்லும்.

எட்டும் இடத்தில் குறுந்தாவல், எட்டாத இடத்தில் நெடுந்தாவல். எளிதுதானே? இல்லை! தூரம் தெரிந்தால்தான் தாவலின் நீளத்தை முடிவு செய்யலாம். இடையிலுள்ள ஆணைகளின் நீளம் தெரிந்தால்தான் தூரம் தெரியும். கோழி முந்தியா, முட்டை முந்தியா என்ற கதைதான்.

ஒரு குறுந்தாவல் சரியாக 127 பைட்டுகளைத் தாண்டுகிறது எனக் கொள்வோம். அவற்றுள் இன்னொரு குறுந்தாவலும் இருக்கிறது. அதன் இலக்கு எட்டாததால் அதை நெடுந்தாவலாக மாற்றுகிறோம். உடனே 127 என்பது 128 ஆகிறது. முதல் தாவலும் எட்டாமற் போகிறது!

இதைக் கவனியாமல் விட்டால் என்ன ஆகும்? சில்லு வேறோர் ஆணையின் நடுவே போய் விழலாம். அங்குள்ள எண்ணை ஆணையென்று எண்ணி ஏதேதோ செய்யும். தண்ணீர் நிரம்பி வழிந்தாலும் குழாய் மூடாது.

இதற்கு ஓர் அழகான வழி உண்டு. முதலில் எல்லாத் தாவல்களையும் குறுந்தாவல் என்றே கொள்ள வேண்டும். பிறகு தூரங்களை அளந்து, எட்டாதவற்றை மட்டும் நீட்ட வேண்டும். மீண்டும் அளக்க வேண்டும். ஒரு சுற்றில் எதுவுமே மாறாவிட்டால் வேலை முடிந்தது.

இது முடிவின்றிச் சுழலாதா? சுழலாது. ஒரு தாவல் ஒருமுறைதான் நீளும், மறுபடி குறுகாது. 100 தாவல்கள் இருந்தால் அதிகம் போனால் 101 சுற்றுகள், அவ்வளவுதான்!

மாணவ நண்பர்களே, உங்களுக்கு ஒரு கேள்வி. எல்லாவற்றையும் நெடுந்தாவல் என்று தொடங்கி, எட்டுபவற்றை ஒவ்வொன்றாகக் குறுக்கி வந்தாலும் இதே விடை கிடைக்குமா? ஒன்றன் பாதைக்குள் மற்றொன்று இருக்கும்படி இரண்டு தாவல்களை வரைந்து பாருங்கள்; விடை புலப்படும்.