ஊர் எந்திரங்கள் – 9: உதைக்கும் முன் ஒரு கேள்வி

காடு மேடு எங்கும் போவதற்கென்றே ஒரு வண்டி வேண்டும் என்று 1970இல் ஹோண்டா நிறுவனம் மூன்று சக்கர வண்டி ஒன்றை அமெரிக்காவில் விற்கத் தொடங்கியது. 1982இல் சுசுகி அதற்கு நான்காவது சக்கரம் வைத்தது. இன்று நம் கடற்கரைச் சுற்றுலாத் தலங்களில் வாடகைக்கு ஓடும் குவாட் பைக் அந்த வம்சம்தான். வெளிநாட்டுப் பண்ணைகளில் அது விளையாட்டு வண்டி இல்லை. ஆட்டுக்குத் தீனியும் வேலிக்குக் கம்பியும் சுமக்கிற வேலைக்கார வண்டி.

திட்டக்குடிப் பக்கம் அந்த வேலைக்காரன் இரண்டு சக்கரத்திலேயே வந்துவிட்டான். 1980இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50தான் அவனுக்கு மூத்தவன். பின்னால் வந்த எக்ஸ்எல் வகைகளில் பால் கேன், யூரியா மூட்டை, புல்லுக்கட்டு, மருந்தடிக்கும் டேங்க் என்று எல்லாம் ஏறும். வெள்ளாற்று மணலில் இறங்கும். கரிசல் காட்டு வண்டிப்பாதையில் போகும். வெலிங்டன் ஏரிக்கரையில் ஏறும். குவாட் பைக்கோ எக்ஸ்எல்லோ, உள்ளே இருப்பது ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். இரண்டுக்கும் வருகிற நோயும் ஒன்று: காலையில் ஸ்டார்ட் ஆகாது.

உடனே நாம் செய்வது உதைப்பது. உதைத்து ஓய்ந்தபின் பிளக்கை மாற்றுவது. அதற்கும் மசியாவிட்டால் காயில், கார்புரேட்டர் என்று ஒவ்வொன்றாக வாங்கிப் போட்டுப் பார்ப்பது. கை தேர்ந்த மெக்கானிக் ஸ்பானரைத் தொடுவதற்கு முன் வாயைத் திறப்பார்.

“கடைசியா எப்பண்ணே ஓடுச்சு?”

“முந்தாநாளு நல்லாத்தான் ஓடுச்சு. வாய்க்கால்ல எறக்கி ஏத்துனேன். காலையில உதைச்சா ஆவல.”

பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது. வாய்க்காலில் இறங்கிய வண்டி என்றால் ஈரம் ஏறிய பிளக் கேப்பையும் ஒயரையும் முதலில் பார்க்கலாம். இரண்டு மாதம் கொட்டகையில் நின்ற வண்டி என்றால் கெட்டுப்போன பெட்ரோலும் எலி கடித்த ஒயரும். ஓடும்போதே திணறி நின்ற வண்டி என்றால் எண்ணெய் வருகிற வழி. சர்வீஸ் முடித்து வந்த மறுநாள் நின்றால், கழற்றி மாட்டிய இடம். நோய் ஒன்றாகத் தெரிந்தாலும் வந்த வழி வேறு.

கேள்விக்குப் பிறகு கண். பெட்ரோல் இருக்கிறதா, டேப் திறந்திருக்கிறதா, கில் சுவிட்ச் அணைந்து கிடக்கிறதா என்று பாருங்கள். சில புது வண்டிகளில் சைடு ஸ்டாண்டு இறங்கியிருந்தால் இன்ஜின் உயிர் பெறாது. சிலவற்றில் பிரேக்கைப் பிடித்தால்தான் செல்ஃப் எடுக்கும். குவாட் பைக்குகளிலும் இந்தக் கட்டுப்பாடு உண்டு. வண்டி கீழே சாய்ந்தால் இன்ஜினை நிறுத்திவிடும் சென்சார் சில மாடல்களில் இருக்கிறது. நிமிர்த்தியபின் சாவியை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். இவற்றில் எதற்கும் பத்துப் பைசா செலவில்லை.

அடுத்தது காது. செல்ஃப் பட்டனை அமுக்கினால் ‘டிக் டிக்’ என்று மட்டும் கேட்டால் பேட்டரியில் தெம்பில்லை, அல்லது அதன் முனைகளில் வெள்ளையோ பச்சையோ பூத்திருக்கிறது. முழுதாக ஏறிய 12 வோல்ட் பேட்டரி, சும்மா நிற்கும்போது 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதிதான் மிச்சம். சேற்றில் புழங்கும் வண்டியில் எர்த் ஒயர் பாடியோடு சேரும் போல்ட் துருப்பிடித்திருக்கும். அதை உப்புத்தாளால் தேய்த்து முறுக்கினாலே பல நேரம் செல்ஃப் எடுத்துவிடும். சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், சுவிட்ச். மோட்டார் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லையென்றால் பேட்டரியை விட்டுவிடுங்கள். கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது.

பெட்ரோல் இன்ஜின் ஓட மூன்றே தேவைகள்: சரியான அளவில் கலந்த எண்ணெயும் காற்றும், சரியான நேரத்தில் ஒரு பொறி, அந்தக் கலவையை நெரிக்கும் அழுத்தம். மூன்றில் எது இல்லை என்று கண்டுபிடிப்பதுதான் மொத்த வைத்தியமும். எளிதாகப் பார்க்கக்கூடியது பொறி, அதனால் அங்கிருந்து தொடங்குவார்கள்.

பிளக்கைக் கழற்றி, கேப்பில் செருகி, அதன் உலோக உடலை இன்ஜினோடு ஒட்டி வைத்து உதைக்க வேண்டும். நீலமாக, ‘டப்’பென்று வெடிக்கும் பொறி நல்ல பொறி. மஞ்சளாகவோ செம்மையாகவோ சோம்பி வந்தால் கரண்ட் பலவீனம். பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும் என்பதால் துளைக்குத் தள்ளி வைத்துத்தான் இதைப் பார்க்க வேண்டும். வாயில் பீடி இருக்கக் கூடாது.

கழற்றிய பிளக்கே ஒரு ஜாதகம். நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் எண்ணெய் வருகிறது, எரியவில்லை என்று அர்த்தம். சோக்கைப் போட்டு உதைத்துக்கொண்டே இருந்ததால் உள்ளே ரொம்பிவிட்டது. பிளக்கைத் துடைத்துக் காயவைத்து, சோக்கை எடுத்துவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுதாக முறுக்கிப் பிடித்துச் சில முறை உதைத்தால் தெளியும். பிளக் காய்ந்திருந்தால் எண்ணெயே வரவில்லை. கரி அப்பியிருந்தால் காற்று குறைவு. பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியானால் பெட்ரோலில் கலக்கும் ஆயில் கூடிவிட்டது. முனைகளுக்கு நடுவே இடைவெளி பெரும்பாலான சின்ன இன்ஜின்களில் 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர் வரை இருக்கும். சுத்தியலால் தட்டிச் சரி செய்யாதீர்கள். பீங்கான் விரிசல் விடும்.

பொறி நன்றாக இருந்தும் வண்டி எடுக்கவில்லையென்றால் பார்வை எண்ணெய்ப் பக்கம் திரும்ப வேண்டும். திட்டக்குடி வட்டாரத்துக்கு இந்த இடத்தில் ஒரு சொந்தம் உண்டு. பெண்ணாடம் பக்கம் கரும்பு விளைகிறது, மேட்டுக்காட்டில் மக்காச்சோளம் விளைகிறது. பெட்ரோலில் சேர்க்கும் எத்தனால் இந்த இரண்டு பயிர்களிலிருந்தும் வருகிறது. 2025இல் நாடு 20 சதவீதக் கலப்பை எட்டியது. எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கும் குணம். மழை மாதங்களில் டேங்க் பாதி காலியாக வெகுநாள் நின்றாலோ, மூடி வழியே நீர் இறங்கினாலோ, ஓர் அளவுக்கு மேல் நீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். டேப்பை ரிசர்வுக்குத் திருப்பினால் இன்ஜினுக்குப் போவது அந்த அடித்தண்ணீர்தான். கார்புரேட்டர் கிண்ணத்தின் அடி ஸ்குரூவைத் தளர்த்தி, வருவதைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். சிறிது நேரத்தில் அடியில் தனியாக ஒரு படலம் தெரிந்தால் டேங்கையே காலி செய்து துடைக்க வேண்டியதுதான்.

டேங்க் மூடியில் காற்று போக ஒரு நுண்துளை உண்டு. கரிசல் மண் அதில் அப்பிக் காய்ந்தால் டேங்கினுள் வெற்றிடம் உண்டாகி எண்ணெய் இறங்காது. சிறிது தூரம் ஓடி நின்று, மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ என்று காற்றிழுத்து, மறுபடி எடுத்துக்கொள்ளும் வண்டிக்கு இதுதான் காரணம். வைத்தியம் ஓர் ஊசி. இது தெரியாமல் கார்புரேட்டரை மாற்றினால் வண்டி அடுத்த வாய்க்காலில் மறுபடி நிற்கும்.

2020 ஏப்ரலில் வந்த பிஎஸ் 6 விதிக்குப் பிறகு பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய் ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. சாவியைத் திருப்பியதும் டேங்கிலிருந்து ஓரிரு வினாடி ‘ங்ங்’ என்ற பம்ப் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஃபியூஸ், ரிலே, பேட்டரி. மீட்டரில் இன்ஜின் விளக்கு அணையாமல் எரிந்தால் கம்ப்யூட்டர் ஏதோ குறை சொல்கிறது. அதைக் கேட்கும் கருவி இருக்கிற இடத்துக்குத்தான் போக வேண்டும். இங்கே உப்புத்தாள் வித்தை எடுபடாது.

காற்றுப் பக்கம் பார்க்க வேண்டியவை இரண்டு. அறுவடைத் தூசியில் அடைத்த ஏர் ஃபில்டர் ஒன்று. வெகுநாள் நின்ற வண்டியின் சைலன்சர் வாயில் குளவி கட்டிய மண்கூடு இன்னொன்று. புகை வெளியேற வழியில்லாமல் புதுக்காற்று உள்ளே வராது.

கடைசி, அழுத்தம். கிக்கர் வழக்கமான எதிர்ப்பில்லாமல் தொளதொளவென்று இறங்கினால் கம்ப்ரஷன் போய்விட்டது. பிளக் துளை வழியே சிறிது இன்ஜின் ஆயில் விட்டு உதைத்துப் பாருங்கள். எதிர்ப்பு கூடினால் பிஸ்டன் ரிங் தேய்மானம். கூடாவிட்டால் பெரும்பாலும் வால்வு. இன்ஜினைப் பிரிக்கும் வேலை இங்கேதான் தொடங்குகிறது, செலவும் இங்கேதான்.

கேள்வி, கண், காது, பொறி, எண்ணெய், காற்று, அழுத்தம். இந்த வரிசைக்குள் ஒரு கணக்கு இருக்கிறது: காசில்லாததில் தொடங்கிக் காசு பிடிப்பதில் முடிகிறது. வரிசையைத் தலைகீழாக்கும் கடையில்தான் பில் நீளும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். மூன்றை ஒன்றாக மாற்றி வண்டி ஓடிவிட்டால், எது கெட்டிருந்தது என்பது யாருக்கும் தெரியாது. அடுத்த தடவை மூன்றுக்கும் மறுபடி காசு கொடுப்பீர்கள். இனி வண்டியைக் கடையில் விடும்போது, “எது போயிருந்தது, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்று கேளுங்கள். கண்டுபிடித்தவர் சந்தோஷமாகச் சொல்வார்.

அடுத்த வாரம்: ஏர் பிடித்த டிராக்டர். டீசல் இன்ஜினில் பிளக்கும் இல்லை, பொறியும் இல்லை. அங்கே இந்த வரிசை எப்படி மாறுகிறது என்று பார்ப்போம்.

(தொடரும்)