அழிவைத் தடுக்கும் நஞ்சு

மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் கூடத்துள் முதல்நாள் நுழையும் மாணவர் அங்குள்ள நெடியை எளிதில் மறப்பதில்லை. கண்கள் எரிந்து நீர் வடியும், தொண்டை கரகரக்கும். பாடத்திற்காக வைக்கப்பட்டுள்ள உடல்களைச் சிதையாமல் காக்கும் ஃபார்மலின் கரைசலிலிருந்து வெளியேறும் ஃபார்மால்டிஹைடு என்னும் நிறமற்ற வாயுவே இதற்குக் காரணம்.

ஃபார்மலின் திசுக்களைக் கெட்டிப்படுத்தும் என்பதை 1893-இல் உலகிற்கு அறிவித்தவர் ஜெர்மானிய மருத்துவர் ஃபெர்டினாண்ட் புளும். கிருமிநாசினியாக அதனை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, தம் விரல்நுனித் தோல் இறுகிப்போயிருந்ததைக் கண்டார். ஆக, இவ்வேதிப்பொருள் தன் ஆற்றலை அவருக்கு முதலில் உணர்த்தியது, உயிருள்ள மனிதரின் விரலில்தான்.

அவ்வாற்றல் புரதங்களைப் பிணைப்பதில் அடங்கியுள்ளது. ஃபார்மால்டிஹைடு மூலக்கூறு அருகருகே உள்ள புரத இழைகளுக்கிடையே பாலம்போல் அமைந்து அவற்றை அசையவிடாமல் பூட்டுகிறது. இறந்த உடலில் இப்பூட்டு அழுகலைத் தடுக்கும். உயிருள்ள செல்லிலோ புரதங்கள் இயங்கினால்தான் வாழ்வு. புரதத்தை டி.என்.ஏ.வுடனும் இது பிணைத்துவிடுவதால், செல் பிரியும்போது மரபுச்செய்தியில் பிழைகள் நேரக்கூடும்.

வியப்பு என்னவெனில், நம் உடலும் இதனைச் சிறிதளவு உண்டாக்குகிறது. ஒரு லிட்டர் குருதியில் ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிகிராம் வரை எப்போதும் உள்ளது. நொதிகள் அதனை விரைந்து ஃபார்மிக் அமிலமாக மாற்றி அகற்றிவிடுகின்றன. அளவு மிஞ்சினால் இவ்வொழுங்கு குலையும். மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் அருந்தியோர் பார்வை இழப்பதும் இவ்வழியில்தான்: மெத்தனால் முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாற, தேங்கிய அமிலம் பார்வை நரம்பைத் தாக்குகிறது.

மூச்சுவழி வரும் வாயுவின் கதை வேறு. நீரில் எளிதில் கரைவதால் அது பெரும்பாலும் நுரையீரலை எட்டுவதற்கு முன்பே மூக்கின் ஈரமான கோழைப்படலத்தில் படிந்துவிடுகிறது. தூசியை வெளியே தள்ளும் குறு இழைகள் அங்கே தளர்கின்றன. ஆஸ்துமா உடையோர்க்கு மூச்சுத்திணறல் மிகலாம். கரைசலைக் கையாள்வோர்க்குத் தோல் ஒவ்வாமை தோன்றலாம். நெடுங்காலம் சுவாசித்த எலிகளின் மூக்கில் புற்றுநோய் தோன்றியமை 1980-ஆம் ஆண்டளவில் தெரியவந்தது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் இதனை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் சேர்த்தது; இரத்தப் புற்றுநோய்க்கும் போதிய சான்று உண்டென 2009-இல் முடிவு செய்தது.

இவ்வாபத்து ஆய்வுக்கூடத்தோடு நிற்பதன்று. மரத்தூள் பலகைகளையும் பிளைவுட்டையும் ஒட்டும் பசைகள் பலவற்றில் இது கலந்துள்ளது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்தால் பலகையிலிருந்து கசிவும் மிகும். 2005-இல் கத்ரீனா புயலால் வீடிழந்த அமெரிக்கக் குடும்பங்களுக்கு அரசு சிறிய நகரும் வீடுகளை வழங்கியது. அவற்றில் குடியேறியோர் பலர் கண்ணெரிச்சல், இருமல், மூக்கில் குருதிக்கசிவு எனத் துன்புற்றனர். நலவாழ்வுத் துறையினர் 2007 டிசம்பர் முதல் 2008 ஜனவரி வரை 519 வீடுகளைச் சோதித்தனர். நூறு கோடிப் பங்கு காற்றுக்குச் சராசரியாக 77 பங்கு ஃபார்மால்டிஹைடு இருந்தது. இது பொதுவாக வீடுகளில் காணப்படுவதைவிடப் பன்மடங்கு மிகுதி. அளந்ததோ குளிர்காலம். கோடையில் கசிவு இன்னும் பெருகும் என்பதால், குழந்தைகளும் முதியோரும் மூச்சுநோய் உடையோரும் முதலில் வெளியேறவேண்டும் என அவர்கள் அறிவுறுத்தினர்.

இங்கே மூக்கை நம்பியும் பயனில்லை. சிறிதுநேரம் அந்நெடியில் இருந்தால் அது மரத்துப்போகும். பிணவறைப் பணியாளர் ஒருவர் ‘எனக்கு இப்போதெல்லாம் வாடையே தெரிவதில்லை’ என்று கூறினால், காற்று தூய்மையாகிவிட்டது என்று பொருளன்று. உலக நலவாழ்வு நிறுவனம் வீட்டுக்காற்றுக்கு வகுத்துள்ள வரம்பு, அரைமணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராம். அதனைக் கருவிகொண்டே அளந்தறிய இயலும்.