பாம்பு வந்தால்தான் ஞாபகம் வருகிறவர்கள்!

முடிச்சூர், வண்டலூர் பக்கம் ஃபிளாட் வாங்குகிறவர்களுக்கு ஒரு போனஸ் உண்டு. புரோக்கர் சொல்ல மாட்டார். நல்ல மழை பெய்ததும் அதுவே போர்ட்டிகோவில் வந்து சுருண்டு படுத்துக்கொள்ளும். ஏரிக்கரையில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தது அதுதான்; லோன் போட்டு நடுவில் வந்தவர்கள் நாம்.

அன்றைக்குத்தான் நமக்கு இருளர் ஞாபகம் வரும். ஆள் வருவார், கையை விட்டுப் பிடிப்பார், பணம் கைமாறும், கதவைச் சாத்திக்கொள்வோம். அவர் யாரு, என்ன பேசுறாரு, எந்தச் சாமியைக் கும்பிடுறாரு... ம்ஹூம்!

செங்கல்பட்டுச் சீமையின் காட்டுப் பழங்குடி அவர்கள். ‘இருள்’ என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் என்பார்கள். இருண்ட காடா, கறுத்த நிறமா என்பதில்தான் வாதம். இந்தப் பக்கம் வில்லியர் என்றும் பெயருண்டு. நீலகிரி இருளர் பேசுவதைச் செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபில் ஆராய்ந்து, அது தமிழுக்கு நெருங்கிய தனி மொழி என்றார். நம் பக்கத்து இருளர் பேசுவது பெரும்பாலும் தமிழ்தான். ராகம் மட்டும் வேறு.

எலி வளையில் புகை ஊதி எலியைப் பிடிப்பார்கள். அது உள்ளே பதுக்கிய நெல்லும் இவர்களுக்கே. ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்தார்கள். 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்தது, பிழைப்பு போயிற்று. 1978-ல் ராமுலஸ் விட்டேக்கர் துணையோடு பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குள் அந்தச் சங்கத்தைப் பார்த்தேன். துணி கட்டிய மண்பானைகள் வரிசையாக... ஊறுகாய்ப் பானை என்று நினைத்துவிடாதீர்கள், சார்! நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். விஷத்தை எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி, சில வாரத்தில் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். பி.காம். புத்திக்குச் சட்டென்று பிடிபட்டது: அசலைத் தொடுவதில்லை, வட்டி மட்டும்தான் வசூல்! இந்தியாவின் பாம்புக்கடி மருந்துக்குப் பல வருஷமாக விஷம் பெரும்பாலும் இந்தப் பானைகளிலிருந்துதான் போயிருக்கிறது.

இவர்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் 2017-ல் ஃபுளோரிடாவுக்கே போய் மலைப்பாம்பு பிடித்தார்கள், 2023-ல் பத்மஸ்ரீ.

அதே ஜனத்தின் பையன் பழங்குடிச் சான்றிதழுக்குக் கோட்டாட்சியர் ஆபீஸுக்கு நடையாய் நடக்கிறான். ‘நீ இருளன்னு என்னய்யா ஆதாரம்?’ பாட்டன் காட்டுக்குப் பட்டாவா வாங்கி வைத்தான்? அந்தக் காகிதம் இல்லாவிட்டால் ஸ்காலர்ஷிப் இல்லை, ஒதுக்கீடு இல்லை. அப்புறம் முன்பணம் வாங்கி, செங்கல் சூளையிலோ அரிசி மில்லிலோ குடும்பத்தோடு கொத்தடிமைதான். அப்படிச் சிக்கி மீட்கப்பட்ட இருளர் குடும்பங்கள் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் நிறைய.

இவ்வளவுக்கும் நடுவே மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் கூடிவிடுகிறார்கள். அவர்களுடைய தெய்வம் கன்னியம்மா கோபித்துக்கொண்டு கடலுக்குப் போய்விட்டாளாம். சமாதானப்படுத்தி அழைத்து வர வேண்டுமாம். புடவையைக் கட்டி இரவுக்குக் கூடாரம். விடிந்ததும் ஈர மணலில் ஏழு படி பிடித்து, பூவும் தேங்காயும் வைத்துப் பூஜை. பெண் பார்ப்பது, தாலி கட்டுவது, குழந்தைக்கு மொட்டை எல்லாம் அங்கேயேதான்.

தாம்பரத்திலிருந்து ஒரு பஸ் தூரம். போகிறவர்கள் கேமராவைக் கொஞ்ச நேரம் பையிலேயே வைத்திருங்கள். அது கல்யாண வீடு.